எந்த வாட்டுக்கும் சேராதவன்

கைக்குழந்தையோடு கண்டிக்குப் போகும் பெண்கள், வந்து நின்ற பஸ்ஸை விட்டுவிட்டு ராஜலிங்கத்தின் பஸ்ஸுக்காகக் காத்து நிற்பார்கள். புசல்லாவையிலிருந்து கம்பளை வரை அந்த ரோட்டில் நேராக ஓட இடமில்லை. மற்ற டிரைவர்கள் ஒருவரை ஒருவர் முந்தி ஆட்களைப் பிடிக்கிற அவசரத்தில் வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்து, நிற்கிறவர்களை ஒருவர் மேல் ஒருவராகச் சாய்ப்பார்கள். ராஜலிங்கம் வளைவு வருமுன்பே வேகத்தைத் தணித்துவிடுவான். மடியில் தூங்குகிற பிள்ளை பேராதனைப் பாலம் தாண்டும்வரை கண் விழிக்காது.

அவன் பிறந்து வளர்ந்தது புசல்லாவைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில். தகப்பன் மூக்கையா தோட்டத்து லொறியில் கிளீனராக இருந்தவர். ராஜலிங்கம் லைசன் எடுத்து பஸ் டிரைவரானபோது அந்த லயத்தில் தோட்டத்தை நம்பாமல் சம்பாதித்த முதல் ஆள் அவன்தான். அதே தோட்டத்தில் கொழுந்து பறித்த தவமணியைக் கட்டினான். கோமதி என்று ஒரே மகள். அவளை மடுல்கெல்ல பக்கத்தில் ஒரு மேசனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள்.

முதலில் வந்தது முதுகுவலி. டிரைவர் சீட்டின் ஸ்பிரிங் இறங்கிப்போய், பல வருடம் அதில் உட்கார்ந்து ஓட்டியதில் இடுப்புக்குக் கீழே கால்வரை இழுத்துப் பிடித்தது. கம்பளையில் ஒரு பாமசியில் வலிக்குக் குளிசை வாங்கினான். அது வலியைக் குறைத்தது, ஆனால் தூக்கத்தைக் கெடுத்தது. தூங்குவதற்கு வேறொரு குளிசை வாங்கினான். அதுவும் பழகிப்போனதும், வேலை முடிந்து வந்து ஒரு கிளாஸ் சாராயத்தோடு அதை விழுங்கினான். பிறகு பொலீஸார் பாமசிகளில் திடீர்ச் சோதனை நடத்தத் தொடங்கினார்கள். டொக்டரின் துண்டில்லாமல் வலிக் குளிசை தரப் பயந்து, ஒன்றிரண்டைத்தான் ஒளித்துக் கொடுத்தார்கள். வலி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது.

அந்த பஸ்ஸின் கொண்டக்டர் ஹபீல், கம்பளைக்காரன், ராஜலிங்கத்தைவிட இளையவன். இரண்டு பேரும் ஒரு தட்டில் சாப்பிடுகிற பழக்கம். டிரைவர் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுவதைப் பார்க்க ஹபீலுக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் மத்தியானம், கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் ஆட்கள் ஏறுமுன், ஹெரோயின் தூள் மடித்த ஒரு வெள்ளித்தாளை எடுத்து நீட்டினான்.

"லிங்கண்ணே, இதக் கொஞ்சம் இழுத்துப் பாருங்க. வலி போன இடம் தெரியாது."

"தூளா?"

"நான் நெடுகப் பாவிக்கிறேன். எனக்கு என்ன வந்திச்சி? கொஞ்சமா எடுத்தா ஒண்டுமில்ல."

அவன் கெட்ட எண்ணத்தில் கொடுக்கவில்லை. தன்னிடம் இருந்த மருந்தைக் கொடுத்தான், அவ்வளவுதான். அன்று கண்டியிலிருந்து வீடுவரை ராஜலிங்கம் வலியில்லாமல் ஓட்டினான்.

இப்படியாக நான்கு சாமான் அவன் உடம்புக்குள் குடியேறியது. தவமணி கேட்கும்போதெல்லாம் அவனிடம் ஒரே பதில் இருந்தது. "நான் என்ன தெருவுல விழுந்தா கெடக்கேன்? எதுலயும் நான் அளவு தாண்டல புள்ள. அந்தந்தக் குடிகாரன் குடிக்கிறதுல கால்வாசிகூட நான் குடிக்கல." அது பொய்யும் அல்ல. சாராயத்தை மட்டும் பார்த்தால் அவன் குடிகாரன் இல்லை. தூளை மட்டும் பார்த்தால் அதற்கு அடிமையானவன் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் அவன் சொன்னதையே திரும்பச் சொல்வதையும், சாப்பிட்டதை மறந்து மறுபடி சோறு கேட்பதையும், தூங்கும்போது மூச்சு எங்கோ போய்விட்டுத் திரும்பி வருவதுபோல் இழுப்பதையும் தவமணி பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொரோனா அடங்கி பஸ்கள் மறுபடி ஒழுங்காக ஓடத் தொடங்கிய வருடம், ஒரு காலை வேளையில், கம்பளைக்கு இறங்குகிற இடத்தில் ராஜலிங்கத்தின் தலை ஸ்டியரிங்கில் சாய்ந்தது. பஸ் மண்மேட்டில் உரசிக்கொண்டே போய் நின்றது. மறுபக்கம் போயிருந்தால் பள்ளம். ஒரு பெண்ணின் நெற்றியில் கண்ணாடி வெட்டியது; அவளுடைய கைப்பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பெண் அழவில்லை, ஏசவில்லை. "ஒங்க பஸ்ஸுன்னுதானே ஏறுனேன்" என்று மட்டும் சொன்னாள். ராஜலிங்கம் ரோட்டோரத்தில் குந்தி அவளுடைய இரத்தத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அன்றே தவமணியிடம், "என்னைய ஆஸ்பத்திரியில சேத்துடு" என்றான்.

கண்டிப் பக்கத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். என்ன பாவிக்கிறாய் என்று கேட்டார்கள். தூள் என்றான். லயத்தில் எல்லோரும் அறிந்ததும் பழித்ததும் அதைத்தான். குளிசைகளை அவன் மருந்து என்று நினைத்திருந்தான். சாராயம் குடிக்காத ஆண்பிள்ளை யார் என்று அதையும் சொல்லவில்லை. தூளை நிறுத்தினால் வரும் நடுக்கத்துக்கும் வயிற்றோட்டத்துக்கும் மருந்து கொடுத்தார்கள். இரண்டொரு நாளில் அவன் தேறுவதுபோல் இருந்தான். பிறகு, தவமணி தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தபோது, அவன் உடம்பு வில்லாக வளைந்தது. கண் மேலே சொருகி, வாயில் நுரை தள்ளி, கட்டிலின் இரும்பு சுவரில் அடிக்க அடிக்க வலிப்பு வந்தது. ஒன்று அடங்கி, அடுத்தது வந்தது.

டொக்டர் ஜமால்தீனை தவமணி முதன்முதலில் பார்த்தது அப்போதுதான். பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறவர், போதைப்பொருள் பாவிப்போரைப்பற்றி ஆராய்ச்சி செய்கிறவர். தவமணியை வெளியே கூப்பிட்டு பெஞ்சில் உட்காரவைத்துக் கேட்டார்.

"அம்மா, இவர் தூளைத் தவிர வேற என்ன பாவிக்கிறார்?"

"தூங்குறதுக்குக் குளிசை போடுவாருங்க. சாராயமும் குடிப்பாரு. முதுகுக்கு வேற ஒரு குளிசை. அது மருந்துதானேங்க டொக்டர்? அதெல்லாம் சொல்லணும்னு எங்களுக்குத் தெரியாதுங்க."

"நீங்க பொய் சொல்லல்ல. நாங்க சரியாக் கேக்கல்ல." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தூளை விட்டா ஆள் கஷ்டப்படும், ஆனா பொதுவா உயிர் போகாது. தூக்கக் குளிசையையும் சாராயத்தையும் ஒரேயடியா விட்டாத்தான் இந்த வலிப்பு வரும். நாங்க ஒண்டுக்கு வைத்தியம் செஞ்சிக்கொண்டு மத்தத வெட்டிப்போட்டோம்."

ராஜலிங்கம் பிழைத்தான். ஆனால் வலிப்பு வந்தவன் பஸ் ஓட்டமுடியாது. அவனுடைய சீட்டில் முதலாளி வேறொருவனை உட்காரவைத்தார். லைசனை அவன் சட்டைப்பையிலேயே வைத்திருந்தான், இனி யாரும் கேட்கப்போவதில்லை என்றாலும்.

ஜமால்தீன் அப்போதுதான் ஓர் ஆய்வைத் தொடங்கியிருந்தார். அதைப்பற்றி அவர் ராஜலிங்கத்துக்கும் தவமணிக்கும் விளக்கியது எளிமையாக இருந்தது. வெளிநாடுகளில் மருந்துகளைப் பரீட்சிக்கும்போது, பெரும்பாலும் ஒரே ஒரு சாமானைப் பாவிக்கிறவர்களைத்தான் சேர்ப்பார்களாம். மற்றவர்களைச் சேர்த்தால் விடை குழம்பிவிடும். "ஆனா எங்கட வாசலுக்கு வாறவங்கள்ள ஒண்டை மட்டும் பாவிக்கிறவன் எங்க இரிக்கான்? அதனால உங்களைப் போல ஆக்களுக்கு எது சரியான வைத்தியமெண்டு யாருக்கும் ஒழுங்காத் தெரியாது. எனக்கும் தெரியாது. அதைத்தான் தேடுறோம்."

"நான் எல்லாத்தையும் கொஞ்சமாத்தானே டொக்டர் எடுத்தேன்?" என்றான் ராஜலிங்கம்.

"சாராயம் மூச்சைக் கொஞ்சம் அடக்கும். குளிசை கொஞ்சம் அடக்கும். தூள் கொஞ்சம் அடக்கும். மூணும் ஒரே நேரத்துல சேர்ந்தா மூளை மூச்சு விட மறந்திடும். தனித்தனியாப் பாத்தா ஒண்டும் கூடவா இரிக்காது. நான் பாத்த மையத்துகள்ள பாதி அப்படி மூச்சடங்கிப் போனதுதான்."

ராஜலிங்கம் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கு அதுவரை யாரும் அதைச் சொன்னதில்லை.

அந்த ஆய்வின் முறை இதுதான்: எல்லாவற்றையும் ஒன்றாக வெட்டாமல், ஒவ்வொன்றாக இறக்குவது. தூளுக்குப் பதிலாக நாக்குக்கு அடியில் வைத்துக் கரைக்கும் ஒரு குளிசை. அது அவனை நிலைநிறுத்தியபின், சாராயம். அதற்குப் பிறகு, மிக மெதுவாக, தூக்கக் குளிசையைத் துண்டு துண்டாகக் குறைப்பது. முதுகுக்குத் தனியாகப் பயிற்சி. வாரா வாரம் பேராதனையில் இறங்கி கிளினிக்குக்குப் போகவேண்டும். தவமணி அந்த நாளில் வேலைக்குப் போகாமல் கூடவே போனாள்.

அவர்களுடைய வாழ்க்கையில் நல்ல காலம் என்று ஒன்று இருந்தால் அது அந்த மாதங்கள்தான். சோறு அவனுக்கு ருசித்தது. லயத்துக்குப் பின்னால் புல்லை வெட்டி லீக்ஸும் போஞ்சியும் போட்டான். கோமதி வந்து பார்த்துவிட்டு, "அப்பா பேசுறது பழையபடி இருக்கும்மா" என்றாள். இன்னொருவர் ஓட்டுகிற பஸ்ஸில் ராஜலிங்கம் கண்ணை மூடியதே கிடையாது. ஒவ்வொரு வளைவிலும் வலதுகால் தானாகப் பிரேக்கைத் தேடும். ஒருநாள் கிளினிக்கிலிருந்து திரும்பும்போது தவமணியின் தோளில் சாய்ந்து தூங்கிப்போனான். அவள் இறங்கவேண்டிய இடம் வந்தும் எழுப்பாமல், இரண்டு பஸ் ஹோல்ட் தாண்டிப் போய் இறங்கி, அவனோடு நடந்து வந்தாள். மழை தூறிக்கொண்டிருந்தது. அவன் வழிநெடுக மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வந்தான். அவள் சிரித்துக்கொண்டு வந்தாள்.

அந்தத் தெம்பில்தான் அவன் ஹபீலைத் தேடிப் போனான். ஹபீல் வற்றிப்போயிருந்தான்.

"அங்க போனா பேர் பொலீசுக்குப் போகும் லிங்கண்ணே."

"போகாது. எனக்குப் போச்சா? அந்த டொக்டர் ஏச மாட்டாருடா. எல்லாத்தையும் சொல்லு, ஒண்ணையும் மறைக்காத. அது போதும்."

ஹபீல் வந்து சேர்ந்தான். முதல் மாதம் சிரமப்பட்டான், அடுத்த மாதம் காலூன்றிக்கொண்டான். தன்னால் கெட்ட ஒருவனாலேயே இப்போது தான் திருந்துவதாகத் தவமணியிடம் சொல்லிக் கண்கலங்கினான்.

பிறகு இரண்டாயிரத்து இருபத்திரண்டு வந்தது. டீசல் இல்லை, பஸ்கள் பெட்ரோல் செட்டுக்கு முன்னால் மைல்கணக்கில் வரிசையில் நின்றன. எரிவாயு இல்லை, பால்மா இல்லை. ஆஸ்பத்திரிகளில் மருந்து இல்லை. ராஜலிங்கம் மரக்கறி லொறி கிடைத்தால் அதில் தொற்றிக்கொண்டும், கிடைக்காதபோது கம்பளைவரை நடந்தும் கிளினிக்குக்குப் போனான். ஒருமுறை போனபோது ஜமால்தீன் அவனுக்குப் பாதிக்குளிசைதான் கொடுத்தார்.

"இதை மெதுவாக் குறைக்கணும். நானே உங்களுக்குச் சொன்ன கதை. ஆனா வெளியில இருந்து வரல்ல. இரிக்கிறத எல்லாருக்கும் பிரிச்சித் தாறேன்."

"முடிஞ்சிட்டா டொக்டர்?"

அவர் மிச்சமிருந்த குளிசைகளை மறுபடி எண்ணினார். அடுத்த முறை அந்தப் பாதியும் இருக்கவில்லை. அதற்குப் பின் கிளினிக் மூடியிருந்தது. ஜமால்தீன் குடும்பத்தோடு வெளிநாடு போய்விட்டார். போகுமுன் தன்னிடம் வந்தவர்களுக்கெல்லாம் ஒருவர் விடாமல் போன் எடுத்துக் கூப்பிட்டாராம். ராஜலிங்கத்தின் போன் அந்த வாரம் சார்ஜ் இல்லாமல் கிடந்தது. தோட்டத்தில் கரண்ட் வந்து வந்து போய்க்கொண்டிருந்த காலம் அது.

ஹபீல் டீசல் வரிசையில் செத்தான். பஸ் நாட்கணக்கில் ஒரே இடத்தில் நின்றதால் அதைக் காவல் காக்க அவனை விட்டிருந்தார்கள். பின் சீட்டில் கால் நீட்டிப் படுத்திருந்தான். பகல் முழுக்க ஆட்கள் ஏறி இறங்கினார்கள், யாரும் எழுப்பவில்லை. தூங்குகிறான் என்று நினைத்தார்கள். வரிசை அசைந்து, பஸ்ஸைத் தள்ளுவதற்கு ஆள் கூப்பிட்டபோதுதான் அவன் எழும்பவில்லை என்று தெரிந்தது. தூளை மாதக்கணக்கில் தொடாமல் இருந்துவிட்டு, பழைய நினைப்பில் பழைய அளவையே எடுத்திருக்கிறான். உடம்பு அந்த அளவை மறந்திருந்தது.

ஜனாஸா அடக்கத்துக்குப் போன ராஜலிங்கம் மையவாடி மதிலுக்கு வெளியே நின்றான். ஹபீலின் உம்மா அவனைக் கண்டு பேசவில்லை. யார் யாரைக் கெடுத்தது என்று அந்த மனுஷிக்கு எப்படித் தெரியும்? வீட்டுக்கு வந்து, "அவனை நாந்தானே அங்க கூட்டிட்டுப் போனேன்" என்றான் தவமணியிடம்.

"நீங்க கூட்டிட்டுப் போனது நல்லதுக்குத்தானே."

"நல்லதுக்குத்தான். பாதி வழியில எறக்கி விட்டாங்க."

அவன் கொஞ்ச காலம் தாக்குப்பிடித்தான். தூக்கம் முழுதாகப் போனது. முதுகுவலி திரும்பியது. போஞ்சிக்கு ஊன்றிய கம்பு சாய்ந்து கிடந்தது, நிமிர்த்தவில்லை. முதலில் கசிப்பு என்கிற கள்ளச்சாராயம், பிறகு எங்கிருந்தோ வந்த பெயரில்லாத குளிசைகள், பிறகு தூள். இப்போது கிடைத்த தூளில் என்ன கலந்திருந்தது என்று விற்றவனுக்கே தெரியாது. தவமணி சண்டை போட்டாள், காலில் விழுந்தாள், ஒருநாள் விறகுக் கட்டையால் அடிக்கவும் அடித்தாள். அவன் அடியை வாங்கிக்கொண்டு, "என்னைய எங்கயாவது சேத்து விடு புள்ள" என்றான்.

அவள் சேர்க்கப் பார்த்தாள். இந்த முறை போன இடத்திலெல்லாம் அவன் ஒன்றையும் மறைக்கவில்லை. தூள், தூக்கக் குளிசை, வலிக் குளிசை, கசிப்பு என்று நான்கையும் சொன்னான். ஓர் ஆஸ்பத்திரியில், சாராயத்துக்கு என்றால் வாட்டில் சேர்க்கலாம், தூள் இருப்பதால் புனர்வாழ்வு நிலையத்துக்குப் போ என்றார்கள். அந்த நிலையத்தில், வலிப்பு வரக்கூடிய ஆளை வைத்துப் பார்க்க டொக்டர் இல்லை, முதலில் குளிசைகளை நிறுத்திவிட்டு வா என்றார்கள். மனநோய்க் கிளினிக்கில், குடி நின்றால்தான் மருந்து எழுதலாம் என்றார்கள். எவரும் கடுமையாகப் பேசவில்லை. ஒவ்வொருவரும் அடுத்த வாசலை மரியாதையாகக் காட்டினார்கள்.

கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்தில் பஸ்ஸுக்கு நின்றபோது ராஜலிங்கம் சொன்னான்: "அன்னிக்குச் சொல்லாம இருந்தேன், வலிப்பு வந்திச்சி. இப்ப எல்லாத்தையும் சொல்றேன், உள்ளுக்கே எடுக்க மாட்றாங்க." தவமணி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவர்கள் எந்த வாசலுக்கும் போகவில்லை.

அடுத்த வருடம் லயத்துக்கு இரண்டு பேர் வந்தார்கள். புதிய ஆய்வு ஒன்றுக்காக வந்த இளம் பிள்ளைகள். பேசியவள் பெயர் மஸீனா. பல போதைப்பொருள்களைச் சேர்த்துப் பாவிக்கிறவர்களைப்பற்றித் தகவல் திரட்டுகிறோம், விருப்பமில்லாவிட்டால் சொல்லவேண்டாம் என்றாள். ராஜலிங்கம் கதிரையை வாசலுக்கு இழுத்துப் போட்டு அவளை உட்காரச் சொன்னான். எதை எப்போது தொடங்கினான், எதோடு எதைச் சேர்த்தான், சேர்த்தால் உடம்பு என்ன செய்யும், மூச்சு எப்படி இருக்கும் என்று கேட்க, பொறுமையாகப் பதில் சொன்னான். நடுவில் மறந்து மறந்து போனான், தவமணி எடுத்துக்கொடுத்தாள்.

எல்லாம் முடிந்ததும் அவன் கேட்டான்: "இதுல மருந்து இருக்குங்களா, தங்கச்சி?"

மஸீனா கூட வந்தவனைப் பார்த்தாள். "இல்ல அண்ணே. இது விசாரிக்கிறது மட்டுந்தான். இத வெச்சித்தான் மருந்துக்கு மேலிடத்துல கேப்போம்."

"ஜமால்தீன் டொக்டர் ஒண்ணு செஞ்சாரே. அதுல என்ன கண்டுபிடிச்சாங்க?"

"அது நான் வாசிச்சிருக்கேன். ஒவ்வொண்டாக் குறைக்கிற முறை நல்லா வேலை செஞ்சிருக்கு எண்டு இரிக்கி. ஆனா கனபேர் இடையில விட்டுட்டுப் போனதால முடிவாச் சொல்ல ஏலாதாம். அவங்கள தொடர்பு அற்றுப்போனவங்க எண்டு போட்டிரிக்காங்க."

"யாரு விட்டுட்டுப் போனது?" என்றாள் தவமணி. குரல் உயர்ந்துவிட்டது. "நாங்க எங்கயும் போகலங்க. இந்த லயத்துலதான் இருக்கோம். யாராவது வந்து பாத்தாங்களா?"

மஸீனாவின் முகம் சுருங்கிப்போனது. ராஜலிங்கம்தான், "விடு, அந்தப் புள்ள என்ன செய்யும்" என்று மனைவியை அடக்கினான். போகும்போது அவர்களுக்குப் பிளேன்டீ குடிக்கக் கொடுத்தார்கள்.

ஐப்பசி மழை பிடித்திருந்த ஒரு மத்தியானம் தவமணி மலையிலிருந்து சாப்பாட்டுக்கு இறங்கி வந்தாள். கதவு திறந்து கிடந்தது. அவன் சுவரோரம் ஒருக்களித்துப் படுத்திருந்தான். உதடு நீலம் பாய்ந்திருந்தது. அவள் கொழுந்துக்கூடையைக்கூட இறக்காமல் குந்தி, அவன் நெஞ்சில் காதை வைத்துப் பார்த்தாள். கூடையிலிருந்த நனைந்த கொழுந்து அவன் மேலெல்லாம் கொட்டியது. பக்கத்து வீட்டார் ஓடிவந்து அவளைத் தூக்கவேண்டியிருந்தது.

மகள் வந்து தாயை மடுல்கெல்லவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். தவமணி இப்போது அங்கே ஒரு தோட்டத்தில் அன்றாடக் கைக்காசுக்குக் கொழுந்து பறிக்கிறாள். மருமகன் வீட்டாருக்கு, சம்பந்தி மாரடைப்பில் போனார் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். அவள் அதை மறுப்பதில்லை. நல்லது கெட்டதுக்குக் கண்டிக்குப் போகவேண்டி வந்தால், முன் சீட்டுகள் காலியாக இருந்தாலும், டிரைவர் சீட் கண்ணில் படாதபடி பின்னால் போய் உட்காருகிறாள்.